உடம்பில் பட்டதெல்லாம் எழுதுங்கள்: வாழ்நாள் சூழல் குறிப்பேடு தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் 31 வருஷம் கம்பாசிட்டராக இருந்தவர். இடது கையில் ஸ்டிக் என்ற கோர்ப்புச் சட்டம், வலது கையால் கேஸ் என்ற பெட்டியிலிருந்து ஒவ்வோர் அச்செழுத்தாகப் பொறுக்கிக் கோர்க்கிற வேலை. எழுத்து என்றால் பெரும்பகுதி ஈயம். கெட்டிப்பட ஆன்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்த்திருப்பார்கள். அந்தக் கையாலேயே டீயும் வடையும். அறுபது வயதில் ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என்று நாலைந்து மருத்துவர்களிடம் அழைத்துப் போனோம். பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா என்று எல்லாரும் கேட்டார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. சீட்டில் 'ரிட்டயர்டு' என்று மட்டும் இருந்தது.

அவருக்கு வந்தது ஈயத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஈயத்தோடு தொடர்பு உண்டு. வேறு காரணங்களும் நூறு உண்டு. யாரும் கேட்காததால் அந்தக் கேள்வி கேள்வியாகக்கூட எழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தல். இத்தனைக்கும் இது புதுக் கேள்வி அல்ல. நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றோடு 'நீ என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இலேயே எழுதிவிட்டார்.

மருத்துவர் கேட்காவிட்டால் நாமே எழுதிக் கொண்டுபோவது என்ற முடிவுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக்கு எழுதிய அனுபவத்தில், அதை எப்படி எழுதுவது என்று இங்கே சொல்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும்.

எழுதும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது

மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்துவிட்டோம் என்று 2003இல் அறிவித்தார்கள். இனி எந்த நோய்க்கும் காரணம் தெரிந்துவிடும் என்று ஒரே உற்சாகம். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கிறிஸ்டோபர் வைல்ட் என்ற புற்றுநோய் ஆய்வாளர் ஒரு கட்டுரையில் புதுச் சொல் ஒன்றைப் போட்டார்: எக்ஸ்போசோம். கரு உருவான நாளிலிருந்து கடைசி மூச்சு வரை ஒரு மனிதர்மேல் பட்ட அத்தனையும் அதில் அடக்கம். மூச்சில் போனது, வாயில் போனது, தோலில் பட்டது மட்டுமல்ல. வெயில், இரைச்சல், பசி, தூக்கம் கெட்ட இரவுகள், தீராத மனக்கவலையும்கூட. மரபணுவை ஒரு சொட்டு ரத்தத்தில் படித்துவிடலாம், அது நாளுக்கு நாள் மாறுவதில்லை. பட்டது அப்படியல்ல, தினமும் மாறும். அதனால்தான் அதை அளப்பது இத்தனை கடினமாக இருக்கிறது.

மரபணுவின் பங்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். சுவீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளில் 44,788 இரட்டையர் ஜோடிகளை வைத்து 2000இல் ஓர் ஆய்வு வந்தது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையின் பங்கு சுமார் 27%, பெருங்குடல் புற்றுநோயில் 35%, புராஸ்டேட் புற்றுநோயில் 42% என்று அதில் கணக்கிட்டார்கள். மீதி முழுவதையும் சூழல்மேல் போட முடியாது, தற்செயலுக்கும் அதில் இடம் உண்டு. ஆனாலும் 'எங்க குடும்ப வாகு அப்படி' என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாத அளவு மீதி இருக்கிறது. தவிர, ஒரே குடும்பம் என்றால் ஒரே ரத்தம் மட்டும்தானா? ஒரே கிணறு, ஒரே அடுப்படி, ஒரே கூரை. பரம்பரை என்று நாம் கைகாட்டுவதில் இவையும் கலந்துதான் கிடக்கின்றன.

படி 1: குடியிருந்த வீடுகளை வரிசைப்படுத்துங்கள்

நீள நோட்டு ஒன்று எடுத்து, பக்கத்தைக் குறுக்கே வைத்துக் கோடு போடுங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, அப்போது வயது என்ன, எந்த ஊர், என்ன தண்ணீர், என்ன அடுப்பு, என்ன கூரை, பக்கத்தில் என்ன இருந்தது. இவ்வளவுதான் பத்திகள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய இடம் எதையும் விடாதீர்கள். விடுதியும் மேன்ஷன் அறையும்கூட வீடுதான்.

வருஷம் ஞாபகம் வராது. 'எம்.ஜி.ஆர். இறந்தப்ப நாம எந்த வீட்டுல இருந்தோம்?' என்று அம்மாவிடம் கேட்டால் 1987க்குப் பதில் வந்துவிடும். சுனாமி 2004, சென்னை வெள்ளம் 2015, அக்கா கல்யாணம், தம்பி பிறந்தது என்று முளைகள் அடித்துக்கொண்டு நடுவில் நிரப்புங்கள். பழைய ரேஷன் கார்டும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் கைகொடுக்கும்.

'பக்கத்தில் என்ன' என்ற பத்தியில் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். பேருந்து நிலையம், அரிசி ஆலை, சாயப்பட்டறை, தோல் ஷெட், கல் குவாரி, குப்பைக் கிடங்கு, பழைய பேட்டரி உருக்கும் கொட்டகை, மருந்தடிக்கும் தோப்பு. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000இல்தான் நின்றது. அதற்கு முன்பு பெரிய சாலை ஓரத்தில் வளர்ந்தவர் என்றால் அதுவும் ஒரு குறிப்பு. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

தண்ணீர் பத்தி ஏன் என்று கேட்டால், உங்கள் பல்லைக் கண்ணாடியில் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கோடுகள் இருக்கும். எனாமல் உருவாகிற வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், தண்ணீரில் வந்த ஃபுளோரைடின் தழும்பு அது. முப்பது வயதில் அந்த ஊருக்குக் குடிபோனவருக்குப் பல்லில் அது வராது. வருஷக்கணக்கில் குடித்தால் மூட்டிலும் முதுகெலும்பிலும் வேண்டுமானால் வரலாம். ஒரே தண்ணீர்தான். எந்த வயதில் குடித்தோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு நோய். ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 என்பது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

பல் என்றதும் இன்னொன்று. விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோமே, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 1958இல் தொடங்கிக் குழந்தைகளின் பால்பற்களைச் சேகரித்தார்கள். 1970க்குள் சுமார் 3 லட்சம் பற்கள். அணுகுண்டுச் சோதனையில் கிளம்பிய ஸ்டிரான்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் புல்லில் படிந்து, மாட்டுக்குப் போய், பாலில் வந்து, பிள்ளையின் பல்லில் உட்கார்ந்திருந்ததை அவை காட்டின. மரத்துக்கு வளையம் மாதிரி பல்லுக்கும் அடுக்கு உண்டு. இப்போது அந்த அடுக்குகளை லேசரால் சுரண்டி, எந்த மாதத்தில் எந்த உலோகம் ஏறியது என்றே படிக்கிறார்கள். கூரைமேல் எறிந்ததை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

படி 2: நீங்கள் பிறப்பதற்கு முந்தைய பக்கம்

இந்தப் பக்கத்தை அம்மா இருக்கும்போதே எழுதிவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். அம்மா இல்லையென்றால் சித்தி, அத்தை, அந்தக் காலத்து அண்டை வீட்டுக்காரர். கேட்க வேண்டியவை: வயிற்றில் இருந்தபோது சாப்பாட்டுக்குக் கஷ்டமா? வயல் வேலை, சூளை வேலை, உப்பள வேலை செய்தாரா? விறகடுப்பா? அப்பா வீட்டுக்குள் புகைபிடித்தாரா? என்ன மாத்திரை, என்ன கஷாயம்? பிறந்தபோது எடை எவ்வளவு?

எடை முக்கியம். இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911லிருந்து பிறந்த குழந்தைகளின் எடையையும், முதல் பிறந்தநாள் அன்றைய எடையையும் சுகாதாரச் செவிலியர்கள் பேரேட்டில் எழுதிவைத்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைத் தேடிப்பிடித்து, அதே குழந்தைகள் பிற்காலத்தில் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார். எடை குறைந்த ஆண் குழந்தைகளே இதய நோயால் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் வெளியான முடிவு அது. பேரேடு எழுதிய அந்தச் செவிலியருக்கு, எழுபது வருஷம் கழித்து ஒருவர் வந்து அதைப் பிரிப்பார் என்று தோன்றியிருக்குமா?

நெதர்லாந்துக் கதை இதைவிடத் துல்லியம். ஜெர்மானிய முற்றுகையால் 1944-45 பனிக்காலத்தில் அங்கே ரேஷன் ஓராளுக்கு நாளுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே போனது. சில மாதங்களே நீடித்த பஞ்சம், தொடக்கமும் முடிவும் தெரிந்த பஞ்சம். அப்போது வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, கர்ப்பத்தின் நடுவிலும் கடைசியிலும் பஞ்சம் பட்டவர்களுக்குச் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. முதல் மாதங்களில் பட்டவர்களிடம் இதய நோய் அதிகம். பட்டது ஒரே பஞ்சம். எந்த மாதம் என்பதே என்ன நோய் என்பதைத் தீர்மானித்தது.

நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2018இல் வந்தது. காற்றில் பிஎம் 2.5 என்ற நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது. நாலு கிராம்தானே என்று தோன்றும். விறகுப் புகையில் நிற்கிற சமையலறையில் அது பத்து அல்ல, நூறுக்கணக்கில் கூடும். வெயிலும் இதே கணக்கில் வருகிறது. உப்பளம், செங்கல் சூளை, வயல் என்று வெக்கையில் வேலை செய்த பெண்களும் சேர்ந்த 800 கர்ப்பிணிகளைத் தமிழ்நாட்டில் தொடர்ந்தபோது, வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு முதலான ஆபத்துகள் இரு மடங்காக இருந்தன.

அம்மாவிடம் இதையெல்லாம் கேட்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். 'நான் அப்படி இருந்ததாலதான் உனக்கு இப்படி ஆச்சா?' என்று எங்கள் அம்மா கேட்டுவிட்டார். சூளையில் வேலை செய்தவர் ஆசைப்பட்டா செய்தார்? குற்றம் கண்டுபிடிக்க எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் நோட்டைத் திறங்கள்.

படி 3: வேலை

பதவிப் பெயரை எழுதாதீர்கள், கை என்ன செய்தது என்று எழுதுங்கள். 'மில் தொழிலாளி' என்றால் ஒன்றும் தெரியாது. 'புளோ ரூமில் பஞ்சுப் பொதி பிரித்தேன், 11 வருஷம், மூக்கில் துணிகூடக் கட்டவில்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போனால் நெஞ்சு இறுகும்' என்று எழுதினால் மார்பு மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். பஞ்சுத் தூசி நோய்க்குத் திங்கட்கிழமை இறுக்கம் என்பதே ஓர் அடையாளம். விடுமுறையில் உடம்பு தேறி வேலைக்குத் திரும்பினால் கெடுகிறதா என்பதை எந்த வேலைக்கும் எழுதலாம்.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு விஷயம் போதும். கையில் புழங்கிய பொருள், அதன் வடிவம் (தூசியா, ஆவியா, நீர்மமா), ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், என்ன தடுப்பு இருந்தது. டப்பா மேல் இருந்த பெயர் ஞாபகம் இருந்தால் அப்படியே எழுதுங்கள். பூச்சிமருந்து அடித்தவர்கள் பெயர் மறந்தாலும் 'பச்சை மூடி, வெங்காய நாற்றம்' என்று எழுதிவைத்தால்கூடப் பின்னால் யாராவது கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. இரவு ஷிப்டையும் சேருங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. டீசல் புகையை 2012இலும், வெளிக்காற்று மாசை 2013இலும் உறுதியான காரணிகள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. பெரியப்பா சாயங்காலம் அதே சட்டையோடு என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். பேட்டரிக் கடை, பெயிண்ட் பட்டறை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் ஆலை என்று எதில் வேலை பார்த்தாலும் சட்டை மடிப்பில் தூசி வீட்டுக்கு வரும். அந்தச் சட்டையைத் துவைத்தது யார்? கல்நார்த் தொழிலாளர்களின் மனைவிமாருக்கு, ஆலை வாசலையே மிதிக்காதவர்களுக்கு, நுரையீரல் உறைப் புற்றுநோய் வந்தது உலகம் முழுக்கப் பதிவான விஷயம். குழந்தைகளுக்கு இன்னும் மோசம். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக அவர்கள் உடம்பு உறிஞ்சும்.

படி 4: அடுப்படி, சாமி அறை, மருந்து டப்பா

வீட்டுக்குள் இருப்பது சிறியதாகத் தெரியும், ஆனால் தினமும் படுவது. கொசுவர்த்திச் சுருள் ஒன்று முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஏற்றிவைத்து வளர்ந்த தலைமுறை நாம். ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாம் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

ஈயச் சொம்பு ரசம் பற்றிச் சொல்லாமல் போனால் வீட்டில் சண்டை வரும். ரசத்துக்கு ஏற்ற ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் வெள்ளீயத்தால்தான். அச்செழுத்தில் இருந்தது காரீயம், நஞ்சு அதுதான். தமிழில் இரண்டுக்கும் 'ஈயம்' என்றே வாய் வருவதால் குழப்பம். விலை குறைக்கக் காரீயம் கலந்துவிட்டால் புளிக்கரைசலின் புளிப்பு அதை நன்றாகவே கரைத்துக் கொடுக்கும். எங்கே வாங்கியது, யார் பூசியது என்று தெரியாத சொம்பை நான் அலங்காரத்துக்கு வைத்துவிட்டேன்.

மஞ்சள் தூளும் அப்படி. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளீரென்று நிறம் ஏற்ற ஈய குரோமேட் தடவி வந்தார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போன ஆய்வாளர்கள் அங்கே போய் நின்றார்கள். 2019இல் அரசு சோதனையும் அபராதமும் தொடங்க, சந்தை மஞ்சளில் 47% மாதிரிகளில் இருந்த ஈயம் 2021இல் காணாமலே போனது. விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பது பாதி நிம்மதி. விரலியே பளீர் மஞ்சளில் மின்னினால் வாங்காதீர்கள்.

மருந்து டப்பாவில் ஆங்கில மருந்து, நாட்டு மருந்து இரண்டையும் எழுதுங்கள். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகள் சாப்பிட்டிருந்தால் பெயரும் காலமும் அவசியம். பெயிண்ட் பழையதா என்றும் பாருங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவைச் சுரண்டும்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை நல்ல நிலையில் இருந்தால் சும்மா விடுங்கள், துளை போடாதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் நனைத்து, உடைக்காமல் இறக்கச் சொல்லுங்கள்.

படி 5: எடை போடுங்கள்

இதுவரை எழுதியதைப் படித்தால் தலை சுற்றும். உலகமே விஷமாகத் தெரியும். எனக்கும் ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. இப்போது சிவப்பு மையால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். எவ்வளவு நெருக்கம்? எவ்வளவு காலம்? எந்த வயதில்? மூன்றும் கனமாக இருக்கும் வரிகளை மட்டும் வட்டமிடுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் அறுபது வரிகளுக்கு ஐந்து வட்டம்தான் விழுந்தது.

வயதுக் கேள்வியைத் தூக்கலாக வையுங்கள். கருவிலும் முதல் சில வருஷங்களிலும் பட்டதற்கு எப்போதும் கூடுதல் எடை. அடுத்து, கால இடைவெளியை மறக்காதீர்கள். சிலி நாட்டில் அன்டோஃபகஸ்டா என்ற நகரத்துக்கு 1958இல் புதிய ஆற்று நீர் வந்தது. அதில் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் ஆர்செனிக் என்ற நஞ்சு. உலக சுகாதார அமைப்பின் வரம்பு 10தான். 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வைத்து நிறுத்தினார்கள். தண்ணீர் சுத்தமாகி நாற்பது வருஷம் ஆன பிறகும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் அங்கே மற்ற ஊர்களைவிட அதிகமாகவே இருந்தன. வயிற்றில் இருக்கும்போது அந்தத் தண்ணீர் பட்டவர்கள் இளவயதிலேயே நுரையீரல் நோய்களில் இறந்ததும் மற்றவர்களைவிட அதிகம். கல்நார் பட்டு நுரையீரல் உறைப் புற்றுநோய் வர 20 முதல் 50 வருஷம் ஆகும். ஆகவே 'அதெல்லாம் அந்தக் காலம், இப்ப எதுக்கு?' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒன்றோடொன்று கூடுவதையும் பாருங்கள். கல்நாரும் பீடியும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் தனித்தனியே கூட்டியதைவிட அதிகம். வட்டமிட்ட வரிக்குப் பக்கத்தில் புகையும் இருந்தால் இரட்டை வட்டம்.

படி 6: எந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு

பரிசோதனைக் கூடங்கள் 'முழு உடல் நச்சுப் பட்டியல்' என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒன்றைச் செய்து தரும். அவசரப்படாதீர்கள். உடம்பில் ஒவ்வொரு பொருளுக்கும் தங்கும் காலம் வேறு. பீடி, சிகரெட்டின் அடையாளமான கோட்டினின் ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும். சிறுநீரில் ஆர்செனிக் சில நாள்கள்; மூன்று நாள்களுக்குள் மீன், இறால் சாப்பிட்டிருந்தால் அந்தச் சோதனையே தப்பாகக் காட்டும். முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் சில மாதத்து மீன் பாதரசத்தை அது சொல்லும்.

ஈயம் தந்திரக்காரன். ரத்தத்தில் ஒரு மாதம் போலத்தான் இருக்கும், பிறகு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரியவர்கள் உடம்பில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில்தான். அங்கே பாதியாகவே பல வருஷங்கள். எலும்பு கரைகிற காலங்களில், அதாவது கர்ப்பத்திலும், பால் கொடுக்கும்போதும், மாதவிடாய் நின்ற பிறகும், மறுபடி ரத்தத்துக்கு வரும். சிறுமியாக இருக்கும்போது பட்டது, இருபத்தைந்து வருஷம் கழித்து அவள் பிள்ளைக்குப் போகிறது. ஆகவே இன்றைய ரத்தத்தில் ஈயம் குறைவு என்றால் இன்று படவில்லை என்றுதான் அர்த்தம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, நோட்டில் ஈயத்தின் மேல் வட்டமும் விழுந்திருந்தால், ரத்த ஈயச் சோதனை செய்ய வேண்டிய சோதனை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

மாத்திரை கொடுத்து உலோகத்தை வெளியே இழுத்து, அந்தச் சிறுநீரை அளந்து, 'பாருங்க எவ்வளவு விஷம்' என்று காட்டுகிற சோதனையை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருந்து இழுத்தால் யாருக்கும்தான் வரும். ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான அளவுகோலே அதற்கு இல்லை.

தண்ணீரை அளப்பது மலிவு, பயனும் அதிகம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். இலங்கையில் இருப்பவர்கள் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையை அணுகலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் போகாது.

படி 7: மருத்துவருக்கு ஒரு பக்கம்

நோட்டை அப்படியே நீட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். வட்டமிட்ட வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் அத்தைக்கு நான் எழுதியது இது:

'வயது 63. பிறந்தது முதல் 44 வயது வரை விறகடுப்பு, தினம் 3 மணி நேரம், புகைபோக்கி இல்லை. புகைபிடித்ததில்லை. 19 வயது முதல் 30 வரை தீப்பெட்டி ஆலை. 2 வருஷமாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.'

இதைப் பார்த்த மருத்துவர், ஆஸ்துமா என்று எழுதப்பட்டிருந்த சீட்டை ஓரமாக வைத்துவிட்டு ஊதிப் பார்க்கும் சோதனை எழுதிக்கொடுத்தார். புகை நுரையீரல் நோய் என்று வந்தது. பீடி பிடிக்காத பெண்ணுக்கு அது இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாததால் இரண்டு வருஷம் போயிருக்கிறது.

நோய் வேலையால் வந்திருக்கலாம் என்றால் 'தொழில்நோயாக இருக்குமா என்று பார்க்க முடியுமா?' என்று நேராகக் கேளுங்கள். ஈய நச்சு, கல்தூசி நோய், பஞ்சுத் தூசி நோய், கல்நார் நோய்கள் எல்லாம் இந்தியத் தொழிலாளர் சட்டப் பட்டியலில் இருக்கின்றன, இழப்பீட்டுக்கு வழி உண்டு. சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய அடையாள அட்டையைத் தூக்கிப்போடாதீர்கள்.

படி 8: இப்போது என்ன மாற்றலாம்

நடந்ததை அழிக்க முடியாது. ஆனால் நிறுத்துவதற்குப் பலன் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்த ஆய்வில், புகையை 60 வயதில் விட்டவருக்குச் சுமார் 3 வருஷமும், 50இல் விட்டவருக்கு 6 வருஷமும், 40இல் விட்டவருக்கு 9 வருஷமும் ஆயுள் திரும்பக் கிடைத்தது.

எல்லாம் இவ்வளவு நேராக இருக்காது. நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் சேர்ந்து, இந்தியா உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பு கொடுத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அவர்கள் மேல் பட்ட புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் எடையிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2022இல் இந்த முடிவு வந்தபோது பலருக்கு ஏமாற்றம். அடுப்பு மாறியது கர்ப்பம் தரித்து வாரங்கள் கழித்து. அதற்கு முன் இருபது வருஷப் புகை இருக்கிறதே என்று நான் யோசிக்கிறேன், இது என் யூகம்தான். அத்தையின் கண் எரிச்சலும் இருமலும் கேஸ் வந்ததும் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் கேஸுக்கு மாறுங்கள் என்றே சொல்வேன்.

நோட்டிலிருந்து உடனே செய்ய முடிகிறவற்றை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். வேலைச் சட்டையை வாசலிலேயே மாற்றி, தனியாகத் துவைப்பது. குழந்தை இருக்கும் அறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. சுருளுக்குப் பதில் வலை. உச்சி வெயில் வேலையைக் காலைக்கு மாற்றி, தண்ணீரும் நிழலும் கேட்டு வாங்குவது. காற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியைப் பாருங்கள். ஆனால் பச்சை நிறம் காட்டினால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பிஎம் 2.5க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு 40, உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்னது 5. சாயப்பட்டறைக் கழிவும் நகரத்துக் காற்றும் நம் ஒரு வீட்டு முயற்சியில் தீராது. அதே தெருவில் நாலு வீட்டார் நோட்டு எழுதி, ஒரே வரியில் நால்வரும் வட்டமிட்டிருந்தால், கிராமசபையில் எழுந்து பேச அது போதும்.

நோட்டை வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற நாளில், ஒரு வரி சேர்த்து மூடிவையுங்கள். இந்த வருஷம் அப்படிச் சுத்தம் செய்தபோது பெரியப்பாவின் எழுத்துகள் ஒரு பிடி என் மேசையில் திறந்த கிண்ணத்தில் கிடப்பதைக் கவனித்தேன். அவர் ஞாபகமாக வைத்தது. என் மகள் 'ழ'வை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவவைத்துவிட்டு, எழுத்துகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேலே 'காரீயம்' என்று எழுதி ஒட்டி, அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தேன். நோட்டில் அவள் பக்கத்திலும் ஒரு வரி எழுதினேன்: வயது 5, சில மாதங்கள், அச்செழுத்து.